ரெஃப்ரெஷ் போதுமா, ரீசெட்தான் பண்ணணுமா?

லேப்டாப் ரொம்ப மெதுவா ஓடுதுன்னு யார்கிட்டயாவது சொன்னா, அநேகமா கிடைக்கிற பதில் ஒண்ணுதான்: "ஒரு பார்மட் போட்டுருங்க, புதுசு மாதிரி ஆயிடும்." நம்ம ஊரில் 'பார்மட்' என்கிற இந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது நாலு வெவ்வேறு வேலைகள் அடங்கியிருக்கு. அதில் ஒன்று உங்க ஃபைல்களையும் புரோகிராம்களையும் தொடவே தொடாது. இன்னொன்று எதையும் மிச்சம் வைக்காது. எது எதுன்னு தெரியாமல் தலையாட்டினால், லேப்டாப் வேகமாகும். கூடவே பத்து வருஷப் புகைப்படங்களும் போயிருக்கும்.

சொந்தக்காரங்க, நண்பர்கள் மத்தியில் இந்தக் கேள்வி அடிக்கடி என்னிடம் வரும். விண்டோஸ் உள்ளே என்னதான் செய்கிறது என்று படித்தும் செய்து பார்த்தும் எடுத்த குறிப்புகளை இங்கே ஒழுங்குபடுத்தி வைக்கிறேன். முடிவெடுக்க இரண்டு கேள்விகள் போதும் என்பது என் எண்ணம். கோளாறு எங்கே இருக்கு? இதுக்கப்புறம் இந்த லேப்டாப்பை யார் வச்சுக்கப் போறாங்க?

முதலில் பெயர்க் குழப்பம்

விண்டோஸ் 8, 2012 அக்டோபரில் வந்தது. அதில்தான் ரெஃப்ரெஷ், ரீசெட் என்று இரண்டு தனித்தனி வசதிகள் முதன்முதலாக வந்தன. ரெஃப்ரெஷ் என்றால் உங்க ஃபைல்களை வைத்துக்கொண்டு விண்டோஸை மட்டும் புதுசாகப் போடுவது. ரீசெட் என்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போடுவது. பெயரைக் கேட்டாலே வித்தியாசம் புரியும்.

2015 ஜூலையில் விண்டோஸ் 10 வந்தபோது ரெஃப்ரெஷ் என்ற பெயரே காணாமல் போனது. இரண்டையும் சேர்த்து 'ரீசெட் திஸ் பிசி' என்று ஒரே பொத்தானாக்கிவிட்டார்கள். அதை அழுத்தினால் அடுத்த திரையில் இரண்டு வழிகள் காட்டும்: 'கீப் மை ஃபைல்ஸ்', 'ரிமூவ் எவ்ரிதிங்'. முதலாவதுதான் பழைய ரெஃப்ரெஷ். இரண்டாவதுதான் பழைய ரீசெட். விண்டோஸ் 11இலும் இதே கதைதான். செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி என்று போனால் இருக்கும்.

ஆகவே 'ரீசெட்' என்ற சொல்லைப் பார்த்தே பயப்பட வேண்டியதில்லை. அதை அழுத்தினதுமே எதுவும் அழியாது. அடுத்த திரையில் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கு.

இன்னொரு மாற்றமும் நடந்தது. விண்டோஸ் 8 காலத்தில், திரும்பப் போடுவதற்கான விண்டோஸ் நகல் ஒன்று டிஸ்க்கில் ஒளித்து வைத்த ஒரு பகுதியில் தனியாக இருக்கும். விண்டோஸ் 10 அந்தத் தனி நகலை விட்டுவிட்டு, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸின் சொந்த ஃபைல்களை வைத்தே தன்னைத் திரும்பக் கட்டிக்கொள்ளும் முறைக்கு மாறியது. இடம் மிச்சம். ஆனால் கட்டப் பயன்படும் செங்கல்லே உடைஞ்சிருந்தா? அந்தக் குறையைத் தீர்க்க 2020 மே மாத அப்டேட்டில் 'கிளவுட் டவுன்லோட்' என்ற வழி சேர்ந்தது. இது மைக்ரோசாஃப்ட்டிடமிருந்து புது நகலை இறக்கிப் போடும். சுமார் 4 ஜிபி ஆகும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி பேக்கில் இருப்பவர்கள் இதை மனசில் வைத்துக்கொள்ளணும். விண்டோஸ் ஃபைல்களே கெட்டிருக்கு என்று சந்தேகம் இருந்தால் கிளவுட் டவுன்லோட், மற்றபடி 'லோக்கல் ரீஇன்ஸ்டால்' போதும்.

கோளாறு எங்கே இருக்கு?

லேப்டாப்பை மூணு அடுக்கா நினைச்சுக்குங்க. அடியில் ஹார்டுவேர். அதற்கு மேலே விண்டோஸ். அதற்கு மேலே நாம் போட்ட புரோகிராம்கள். எந்த அடுக்கில் கோளாறோ, அதற்கேற்ற மருந்து.

அடி அடுக்கில் இருந்து பார்ப்போம். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், ஒன்றுமே செய்யாமல் இருக்கும்போதும் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறதா? உள்ளே இருப்பது எஸ்எஸ்டி இல்லாத பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கா? ரேம் வெறும் 4 ஜிபியா? அப்படியென்றால் ரெஃப்ரெஷும் உதவாது, ரீசெட்டும் உதவாது. ரெண்டு மூணு வாரம் கொஞ்சம் சுறுசுறுப்பா இருக்கிற மாதிரி தெரியும். நாம வழக்கமா பயன்படுத்துற புரோகிராம்களை எல்லாம் திரும்பப் போட்டதும் பழைய குருடி கதவைத் திறடிதான். அந்தச் செலவை ஒரு எஸ்எஸ்டி மாற்றுவதில் போட்டால் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும்.

டிஸ்க்கே சாகும் நிலையில் இருந்தால் விஷயம் இன்னும் தீவிரம். டிஸ்க்கில் இருந்து டிக் டிக் என்று சத்தம், சில ஃபைல்களைத் திறக்கும்போது மட்டும் உறைந்து போவது, காப்பி பண்ணும்போது பாதியில் நின்று பிழை காட்டுவது போன்றவை அறிகுறிகள். 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லிவிடும். அது எச்சரிக்கை காட்டினால் ரீசெட் பக்கமே போகாதீங்க. ரீசெட் என்பது டிஸ்க்கில் ஏராளமாகப் படித்து எழுதும் வேலை. தள்ளாடும் டிஸ்க் அந்த வேலையிலேயே படுத்துவிடலாம். முதலில் ஃபைல்களை வெளியே எடுங்க, பிறகு டிஸ்க்கை மாத்துங்க.

நடு அடுக்கு, அதாவது விண்டோஸ். அப்டேட் ஏறவே மாட்டேங்குது, ஸ்டார்ட் மெனு திறக்கவில்லை, நீலத்திரை வருது என்பவை பெரும்பாலும் இந்த வகை. இதற்கு ரெஃப்ரெஷுக்கு முன்னாலேயே இரண்டு படிகள் இருக்கு. ஒன்று, எஸ்எஃப்சி, டிஐஎஸ்எம் என்று விண்டோஸுடனேயே வரும் இரண்டு பழுதுபார்க்கும் கட்டளைகள். கெட்டுப்போன சிஸ்டம் ஃபைல்களைத் தேடி நல்ல நகலை வைக்கும். இன்னொன்று, பலர் கண்ணில் படாத ஒரு பொத்தான். விண்டோஸ் 11இல் அதே ரெக்கவரி பக்கத்தில் 'ஃபிக்ஸ் ப்ராப்ளம்ஸ் யூசிங் விண்டோஸ் அப்டேட்' என்று இருக்கும். இது இப்போதுள்ள விண்டோஸ் மேலேயே அதே பதிப்பைத் திரும்பப் போடும். ஃபைல்கள், செட்டிங்ஸ் மட்டுமல்ல, நீங்க போட்ட புரோகிராம்கள்கூட அப்படியே இருக்கும். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் மைக்ரோசாஃப்ட் தளத்தில் கிடைக்கும் மீடியா கிரியேஷன் டூல் வழியாக இதே காரியத்தைச் செய்யலாம். சிஸ்டம் கோளாறு என்றால் நான் முதலில் போவது இந்த வழிக்குத்தான். இழப்பு அநேகமாக இல்லை. சரியாகவில்லை என்றால் ரெஃப்ரெஷ் எங்கேயும் ஓடிப்போகாது.

மேல் அடுக்கு, புரோகிராம்கள். லேப்டாப் கம்பெனி சேர்த்து அனுப்பிய டிரையல் மென்பொருள்கள், எப்பவோ எதற்கோ போட்ட கன்வெர்ட்டர்கள், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஆன்டிவைரஸ் என்று வருஷக்கணக்கில் சேர்ந்த குப்பை. ஸ்டார்ட்டப் பட்டியலில் வேண்டாததை நிறுத்தி, தேவையில்லாததை அன்இன்ஸ்டால் பண்ணினாலே பாதி தீரும். அதுக்கும் அடங்கலைன்னா, கீப் மை ஃபைல்ஸுக்கு இதுதான் சரியான இடம். நீங்க போட்ட எல்லா டெஸ்க்டாப் புரோகிராம்களையும் அது எடுத்துவிடும். எடுத்ததற்கான பட்டியலையும் டெஸ்க்டாப்பில் ஒரு ஃபைலாக வைத்துவிட்டுப் போகும்.

வைரஸ் புகுந்திருந்தால் கணக்கு வேறு. கீப் மை ஃபைல்ஸ் உங்க ஃபைல்களைப் பத்திரமா வச்சிருக்கும். அதற்குள் ஒளிந்திருக்கும் கிருமியையும் சேர்த்துத்தான் வச்சிருக்கும். அப்போ அரைகுறை வேலை வேண்டாம். வேறொரு நல்ல கணினியில் 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் விண்டோஸ் இன்ஸ்டாலரை உருவாக்கி, அதிலிருந்து பூட் பண்ணி, பழைய பார்ட்டிஷன்களை அழித்துப் போடுவதுதான் நிம்மதி.

'என் ஃபைல்கள்' என்றால் எவை?

முடிவெடுப்பதில் அதிகம் பேர் யோசிக்காமல் தாண்டிப்போகிற இடம் இதுதான். கீப் மை ஃபைல்ஸ் என்று விண்டோஸ் சொல்லும்போது, உங்க பயனர் கோப்புறைக்குள் இருக்கும் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப் மாதிரியானவைதான் அதன் மனசில் இருக்கு. உங்களுக்கு முக்கியமானது வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

ஒரு உதாரணம், தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கென்றே உள்ளது. எங்க பெரியப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஊர்க் கோயில் பற்றியும் குடும்பக் கிளைகள் பற்றியும் இருபது வருஷமாகச் சேர்த்த குறிப்புகள், முந்நூறு பக்கத்துக்கு மேல், வேர்ட் ஃபைல்களாக டாக்குமென்ட்ஸில் இருந்தன. எல்லாமே பாமினி எழுத்துருவில் அடித்தவை. லேப்டாப்பைப் பார்த்த கடைக்காரர், "ஃபைல் எல்லாம் அப்படியே இருக்கும், கவலைப்படாதீங்க" என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னது பொய்யில்லை. ஃபைல்கள் இருந்திருக்கும். ஆனால் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கிற ஃபான்ட்ஸ் பகுதியும் ரீசெட்டில் புதிதாகிவிடும். பாமினி அதில் வராது. பாமினி யூனிகோட் கிடையாது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த எழுத்துரு. எழுத்துரு போய்விட்டால், 'அம்மா' என்று அடித்தது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். எழுபத்தைந்து வயது மனுஷர் தன் முந்நூறு பக்கத்தையும் அப்படிப் பார்த்தால், ஃபைல் கெட்டுப்போச்சுன்னுதான் நினைப்பார். அழித்துவிட்டாலும் ஆச்சரியமில்லை.

அந்த எழுத்துரு ஒரு புகைப்படத்தைவிடச் சின்ன ஃபைல். ரீசெட்டுக்கு முன் அதை ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்து, பிறகு திரும்பப் போட்டதும் பக்கங்கள் பழையபடி வந்துவிட்டன. வானவில் மாதிரியான மற்ற பழைய எழுத்துருக்களுக்கும் இதே கதைதான். நீண்ட கால நோக்கில், என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி ஒன்றைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றி ஒரு நகல் வைத்துக்கொள்வது நல்லது. அழகி, இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற தட்டச்சு மென்பொருள்களும் ரெஃப்ரெஷில் போய்விடும், திரும்பப் போட்டுக்கொள்ளணும்.

இதே மாதிரி வேறு எவையெல்லாம் 'என் ஃபைல்கள்' கணக்கில் சேராமல் போகும் என்று பாருங்க. பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் புக்மார்க்குகளும் 'ஆப்டேட்டா' என்ற மறைவான கோப்புறையில் இருக்கு. கூகுள் கணக்கோடு சிங்க் ஆகியிருந்தால் திரும்ப வரும், இல்லையென்றால் போனது போனதுதான். கணக்கோடு இணைக்காத ஸ்டிக்கி நோட்ஸும் அப்படித்தான். டேலி மாதிரியான கணக்கு மென்பொருள்களின் டேட்டா உங்க டாக்குமென்ட்ஸுக்கு வெளியே இருக்கலாம். அதை நம்பி விடாமல் தனியாக பேக்கப் எடுங்க. லைசென்ஸையும் முறைப்படி சரண்டர் பண்ணிட்டு வாங்க, இல்லாட்டி திரும்பப் போடும்போது இழுபறிதான். ஜிஎஸ்டி தாக்கல் செய்பவர்களின் டிஜிட்டல் கையெழுத்து யூஎஸ்பி டோக்கனிலேயே இருப்பதால் அதற்கு ஆபத்தில்லை. அதன் டிரைவரை மட்டும் திரும்பப் போடணும்.

விண்டோஸ் லைசென்ஸ் பற்றிப் பலரும் கேட்பார்கள். விண்டோஸ் 8 காலத்துக்குப் பிறகு விண்டோஸோடு சேர்ந்து விற்ற லேப்டாப்களில் கீ மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே பதிந்திருக்கும். அதே பதிப்பைத் திரும்பப் போட்டால் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். இதற்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

லேப்டாப் கைமாறுகிறதா?

இரண்டாவது கேள்விக்கு வருவோம். லேப்டாப்பை விற்கப் போறீங்க, எக்ஸ்சேஞ்சில் கொடுக்கப் போறீங்க, தம்பி பையனுக்குக் கொடுக்கப் போறீங்க என்றால் ரெஃப்ரெஷ் என்ற பேச்சுக்கே இடமில்லை. ரிமூவ் எவ்ரிதிங்தான். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கு.

ரிமூவ் எவ்ரிதிங் வழக்கமாகச் செய்வது மேலோட்டமான அழிப்பு. நூலகத்தில் அட்டவணையைக் கிழித்துப் போட்ட மாதிரி. புத்தகங்கள் அலமாரியில் அப்படியே இருக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்து இலவச மென்பொருளை வைத்தே அவற்றை மீட்டெடுக்க முடியும். அதனால் 'சேஞ்ச் செட்டிங்ஸ்' என்பதைத் திறந்து, 'கிளீன் டேட்டா' என்பதை 'யெஸ்' ஆக்குங்க. டிஸ்க்கின் மேல் திரும்ப எழுதி அழிப்பதால் மணிக்கணக்கில் ஆகும். வீட்டை விட்டுப் போகும் லேப்டாப்புக்கு அந்த நேரம் தகும். ஆதார் நகல், வங்கி ஸ்டேட்மென்ட், குழந்தைகள் படம் எல்லாம் அதில்தானே இருந்தது?

பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்க்ரிப்ஷன் போட்டிருந்தால் பாதுகாப்பு இன்னும் கூடும். டிஸ்க்கில் இருப்பதே பூட்டிய வடிவம் என்பதால், சாவி அழிந்தால் மிச்சம் இருப்பது அர்த்தமில்லாத எண்கள்தான். எஸ்எஸ்டியில் இது ரொம்பவே முக்கியம். எஸ்எஸ்டி தேய்மானத்தைச் சமப்படுத்த எழுதும் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால் மேலே எழுதி அழித்தோம் என்பதை முழுசாக நம்ப முடியாது.

முடிந்ததும் ஒருமுறை திறந்து பார்ப்பதும் நல்லது. 2022 தொடக்கத்தில் ஒரு குறை வெளியே வந்தது: ஒன்டிரைவிலிருந்து இறங்கிய ஃபைல்கள் சில, ரிமூவ் எவ்ரிதிங் கொடுத்த பிறகும் கணினியில் தங்கிவிட்டன. மைக்ரோசாஃப்ட்டே அதை ஒப்புக்கொண்டு அந்த ஆண்டு மார்ச்சில் திருத்தியது. 2025 ஆகஸ்ட் மாத அப்டேட்டுக்குப் பிறகோ, சில விண்டோஸ் பதிப்புகளில் ரீசெட்டே தோல்வியடைந்தது; அதே மாதம் தனியாக ஒரு திருத்தம் வந்தது. பொத்தான் சொன்னதைச் செய்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளாமல் கண்ணால் பார்க்கணும்.

அழுத்துவதற்கு முன்

சி டிரைவ், டி டிரைவ் விஷயத்தை முதலில் சொல்லிடறேன். "எல்லாம் டி டிரைவ்ல இருக்கு, பயமில்லை" என்பது நம்மிடம் ரொம்ப காலமாக உள்ள நம்பிக்கை. ரிமூவ் எவ்ரிதிங் கொடுக்கும்போது, விண்டோஸ் இருக்கும் டிரைவை மட்டுமா, எல்லா டிரைவ்களையுமா என்று தேர்ந்தெடுக்கும் இடம் ஒன்று உண்டு. அதில் 'எல்லா டிரைவ்களும்' என்று விழுந்துவிட்டால் டி டிரைவும் காலி. டிஸ்க்கே போய்விட்டால் சியும் டியும் சேர்ந்தே போகும், இரண்டும் ஒரே டிஸ்க்கின் துண்டுகள்தானே.

அடுத்து பிட்லாக்கர் சாவி. 48 இலக்க எண். ரெக்கவரி திரையிலிருந்து ரீசெட் பண்ணப் போனால் இதைக் கேட்கக்கூடும். லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டிருந்தால், அநேகமாக அந்தக் கணக்கின் பக்கத்தில் சேமிப்பாகியிருக்கும். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைப் பார்த்து ஒரு தாளில் எழுதி வையுங்க. அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கிறதா என்றும் அப்போதே சோதித்துவிடலாம்.

ஒன்டிரைவில் இருக்கு என்பவர்கள், உண்மையாகவே ஏறியிருக்கிறதா என்று உலாவியில் போய்ப் பாருங்க. இலவசக் கணக்கில் 5 ஜிபிதான். நிறைந்ததும் மேலேறுவது நின்றுவிடும்; எச்சரிக்கையை நாம் கண்டுகொள்வதில்லை. சார்ஜரைச் செருகி வையுங்க, கரண்ட் நிலையையும் யோசிங்க. லேப்டாப் கம்பெனியின் சொந்த ரெக்கவரி சாவிகள், உதாரணமாக எச்பியில் எஃப்11, வாங்கிய அன்று இருந்த நிலைக்கே கொண்டுபோகக்கூடியவை. டிரையல் குப்பை எல்லாம் திரும்ப வந்து உட்காரும். அதை அவசரத்தில் அழுத்த வேண்டாம்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. ரீசெட் பண்ணினால் கிடைப்பது சுத்தமான, ஆனால் காலாவதியான விண்டோஸ் 10தான். டிபிஎம் 2.0 உள்ள, விண்டோஸ் 11 ஏற்கிற கணினியாக இருந்தால், ரீசெட் பண்ணும் உழைப்பை அதற்கு மாறுவதில் போடலாம்.

என் வரிசை இதுதான். ஹார்டுவேர் கோளாறா, ஃபைல்களை வெளியே எடுத்துவிட்டு அதைச் சரி பண்ணுவேன். விண்டோஸ் கோளாறா, எல்லாவற்றையும் வைத்துக்கொண்டே மேலே திரும்பப் போடுவேன். அதுவும் உதவாவிட்டாலோ புரோகிராம் குப்பை முற்றிப்போயிருந்தாலோ கீப் மை ஃபைல்ஸ். வைரஸ் என்றாலோ கைமாறுகிறது என்றாலோ முழு அழிப்பு. இதில் எந்தப் படிக்குப் போனாலும் அதற்கு முன்னால் ஒரு வெளி டிஸ்க்கில் நகல். அந்த நகலை வேறொரு கணினியில் செருகி, நாலு ஃபைலைத் திறந்து படித்துப் பார்த்த பிறகுதான் பொத்தான் பக்கம் கையைக் கொண்டு போவேன்.